சாம்பிள் ஓகே ஆகாமல் பல்க் போகாதீர்கள்: ஆன்லைனில் தனி ஆசிரியரிடம் ஆங்கிலம் கற்பது எப்படி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 16 வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டில் வாங்கும் பையரிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். மெயில் எழுதுவதில் என்னைக் குறை சொல்ல முடியாது. பழைய மெயிலைத் திறந்து, ஸ்டைல் நம்பரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடுவேன். பையர் வீடியோ காலில் வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

2022 தொடக்கத்தில், நூல் விலை மாதா மாதம் ஏறிக்கொண்டிருந்த நேரம். நெதர்லாந்து பையர் ஒருவர் ரிப்பீட் ஆர்டர் பற்றிப் பேசும்போது 'தர்ட்டீன் தவுசண்ட்' என்றார். என் காதில் விழுந்தது 'தர்ட்டி தவுசண்ட்'. பி.ஓ. (எழுத்தில் வரும் பர்ச்சேஸ் ஆர்டர்) வருவதற்குள் விலை இன்னும் ஏறிவிடுமே என்று 30,000 பீஸுக்கு நூல் புக் பண்ணச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து பி.ஓ. வந்தது: 13,000. மில்லுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பாதி நூலைத் திருப்பினோம். ஓனர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கால் வந்தபோது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பையனை என் பக்கத்தில் உட்கார வைத்தார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

அந்த வாரமே ஆங்கிலம் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததற்கும் சரியான ஆசிரியர் கிடைத்ததற்கும் இடையில் பல மாதம் போனது, பணமும் போனது. அந்த மாதங்கள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் டெக் பேக்

எங்கள் தொழிலில் பையர் முதலில் டெக் பேக் அனுப்புவார். துணி என்ன, ஜி.எஸ்.எம். (துணியின் எடை) எவ்வளவு, கழுத்து அகலம் எத்தனை சென்டிமீட்டர், எந்தத் தையல் என்று எல்லாம் அதில் இருக்கும். 'நல்ல டி-ஷர்ட் வேண்டும்' என்று மட்டும் எழுதி எந்தப் பையரும் ஆர்டர் போட்டதில்லை. ஆனால் ஆங்கிலம் படிக்கப் போகும்போது நாம் அதைத்தான் செய்கிறோம். "நல்லா இங்கிலீஷ் பேசணுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். ஆசிரியர் என்ன செய்வார்? தன் கையில் இருக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறப்பார்.

நானும் அப்படித்தான் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஒரு ஹாலில் 25 பேர். பெயர், ஊர், பொழுதுபோக்கு சொல்லி ஆளாளுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்வதிலேயே இரண்டு வாரம் ஓடியது. பல வருடமாக என்னைத் தெரிந்த பையரிடம் என் பொழுதுபோக்கைச் சொல்லி நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகுதான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். எனக்கு ஆங்கிலம் எங்கே தேவை? செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி கால். அதில் எண், தேதி, அளவு ஆகியவற்றைத் தப்பில்லாமல் கேட்கவும் சொல்லவும் வேண்டும். ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது என்பதைப் பொய் சொல்லாமல், அழாமல் சொல்ல வேண்டும். 'மறுபடி சொல்லுங்கள்' என்று மூன்றாவது முறையும் மரியாதையாகக் கேட்கத் தெரிய வேண்டும். நெதர்லாந்துக்காரர் பேசுவதும் மான்செஸ்டர்க்காரர் பேசுவதும் புரிய வேண்டும். அவ்வளவுதான். சினிமா விமர்சனம், கவிதை, குழு விவாதம் எதுவும் வேண்டாம். பின்னால் ஆசிரியர்களிடம் இந்தத் தாளைத்தான் அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு, 'எல்லோருக்கும் என்னிடம் ஒரே கோர்ஸ்தான்' என்று பதில் போட்டவரை அங்கேயே விட்டுவிட்டேன்.

தரநிலை என்று ஒன்றைக் கேட்பார்கள். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று கீழிருந்து மேலாக ஆறு படிகள். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோல் இது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் தளத்தில் 25 கேள்விகள் உள்ள இலவசத் தேர்வு ஒன்று இருக்கிறது, எழுதிப் பாருங்கள். எனக்கு பி1 என்று வந்தது. சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது இலக்கணத்தையும் சொற்களையும்தான் பார்க்கிறது, வாயைப் பார்ப்பதில்லை. பேச்சில் நான் ஏ2 என்று பின்னால் என் டீச்சர் சொன்னார்.

ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதிகள், மதிப்பெண் 9 வரை, அதை பேண்டு என்பார்கள். அந்த வடிவத்தை நன்றாகத் தெரிந்த ஆசிரியர்தான் உங்களுக்கு வேண்டும். 'ஏழு பேண்டுக்கு நான் கேரண்டி' என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். மதிப்பெண் போடுவது அவர் இல்லையே.

ஆள் தேடுவது

ஐடாக்கி, பிரெப்ளி போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு அறிமுக வீடியோ போட்டிருப்பார்கள், கட்டணத்தை அவரவரே வைத்துக்கொள்வார்கள், பழைய மாணவர்களின் கருத்தும் இருக்கும். அந்தக் கட்டணத்தில் தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, ஆசிரியர் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு இடம் இருக்கும். தளம் எதிலும் சேராமல் தனியாக நடத்துபவரிடம் போனால் அந்தப் பங்கு மிச்சம், நேரமும் பாடமும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பணம் போனால் கேட்க நாதியில்லை. ஒரு விஷயம்: தளத்தில் பிடித்த ஆசிரியரை 'வெளியே வாங்க, குறைத்துத் தருகிறேன்' என்று இழுக்காதீர்கள். தளத்தின் விதிப்படி அது தப்பு, மாட்டினால் அவர் பிழைப்பு போகும்.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. '120 மணி நேர டெஃபல்' (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) என்று பலர் போட்டிருப்பார்கள். அதில் பல, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முடிக்கக்கூடியவை. கேம்பிரிட்ஜின் செல்டா என்றால் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் ஆறு மணி நேரம் பாடம் நடத்தி, அதைப் பயிற்சியாளர் பார்த்து மதிப்பிட்டிருப்பார். டிரினிட்டியின் செர்ட் டீசாலும் அந்த ரகம்தான். சான்றிதழ் இல்லாத நல்ல ஆசிரியர்கள் உண்டு, ஆனால் இருக்கிறது என்று சொன்னால் எது என்று கேட்டுவிடுங்கள்.

வெள்ளைக்காரர்தான் வேண்டும் என்று எனக்கும் முதலில் இருந்தது. அது எங்கே உடைந்தது என்று சொல்கிறேன்.

முதலில் பிடித்தவர் இங்கிலாந்தில் இருப்பவர். தங்கமான மனிதர். நன்றாகச் சிரிப்பார், நாய்க்குட்டியைக் காட்டுவார். வகுப்பு முடிந்ததும் எனக்கு ஏதோ நிறையப் பேசிவிட்டது போல ஒரு நிறைவு இருக்கும். ஒருநாள் சந்தேகம் வந்தது. அவர் சம்மதத்தோடு பதிவு செய்திருந்ததை எடுத்து, எங்கள் ஃபேக்டரியில் தையல் நேரம் எடுப்பது போல ஸ்டாப்வாட்ச் வைத்துக் கேட்டேன். 50 நிமிடத்தில் நான் பேசியது ஒன்பது நிமிடம். மீதி நேரம் நான் தலையாட்டியிருக்கிறேன். அவருடைய ஆங்கிலத்துக்கு நான் பணம் கொடுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாகப் பிடித்தவர் நம் நாட்டுக்காரர், கண்டிப்பானவர். வாக்கியம் முடிவதற்குள் திருத்துவார். 'ஐ ஆம்' என்று ஆரம்பித்தால் 'நோ' என்பார். மூன்றாவது வகுப்பில் எனக்குப் பேச்சே வரவில்லை. பன்னிரண்டு வகுப்புக்கு மொத்தமாக முன்பணம் வாங்கியிருந்தார். ஐந்து வகுப்பு முடிந்ததும் ஆளைக் காணோம். ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்.

மூன்றாவது டீச்சர் சித்தி மகள் மூலம் கிடைத்தார். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியக் கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கே இருந்த கொரிய மேலாளர் பிலிப்பைன்ஸில், செபு நகரத்தில் இருக்கும் ஒரு அம்மாவிடம் ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு ஆங்கிலம் படிக்கவே கொரியர்களும் ஜப்பானியர்களும் விமானம் ஏறிப் போகிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். 'வெள்ளைக்காரர் இல்லையே' என்று இழுத்தேன். "அக்கா, உன் பையர் நெதர்லாந்துக்காரர். அவருக்கு மட்டும் இங்கிலீஷ் தாய்மொழியா?" என்றாள். வாயடைத்துவிட்டேன்.

பாடத்துக்கு நடுவில் இன்னொன்றும் புரிந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டவருக்கு எங்கே வழுக்கும் என்று தெரிந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரரிடம் 'ஏன் இப்படி?' என்று கேட்டால் 'அப்படித்தான் சொல்வோம்' என்பார். செபு டீச்சர் காரணத்தைச் சொன்னார்.

முன்னோட்ட வகுப்புதான் ஃபிட் சாம்பிள்

அளவு பார்க்கத் தைக்கும் ஃபிட் சாம்பிள் ஓகே ஆகாமல் நாங்கள் பல்க் கட்டிங் போட மாட்டோம், அதாவது மொத்த ஆர்டருக்குத் துணி வெட்ட மாட்டோம். அதேபோல முன்னோட்ட வகுப்பு ஒன்று, முடிந்தால் கட்டணம் கொடுத்தே, எடுத்துப் பாருங்கள். இலவசம் என்று கேட்டு வாங்குவதைவிடப் பணம் கொடுத்துப் பார்ப்பதே நல்லது. இலவச அரை மணி நேரத்தில் பாதி, விற்பனைப் பேச்சாக இருக்கும்.

அதில் நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய உச்சரிப்பின் அழகை அல்ல. யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் பாதிக்கு மேல் பேசியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளைப் படித்துவிட்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். தப்பைத் திருத்துகிறாரா, எப்போது, எப்படி? நீங்கள் தடுமாறும்போது ஐந்து விநாடி சும்மா இருக்கிறாரா, இல்லை வாயில் வார்த்தையை ஊட்டிவிடுகிறாரா? காத்திருக்கத் தெரிந்தவர்தான் எனக்குப் பிடித்தது.

முடிந்ததும் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: வகுப்பை ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், அவர் வராவிட்டால் என்ன, திருத்தங்களை எழுதித் தருவாரா, பதிவு செய்யலாமா. என் டீச்சரிடம் 24 மணி நேர விதி. அதற்குள் சொல்லாவிட்டால் கட்டணம் போச்சு. அவர் சொல்லாமல் விட்டால் எனக்கு ஒரு வகுப்பு இலவசம். இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

பணம் நான்கு நான்கு வகுப்பாகத்தான் கொடுத்தேன். 20 வகுப்பு மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்பார்கள். பன்னிரண்டு வகுப்புக் கதையைத்தான் மேலே சொன்னேனே. ஒரு வகுப்புக்கு 12 டாலர், அப்போதைய கணக்கில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். மாதம் எட்டு வகுப்பு. உள்ளூர் ஆசிரியர் என்றால் யு.பி.ஐ.யில் அனுப்பிவிடலாம். வெளிநாடு என்றால் பேபால் வழியாக அட்டையில்தான் கட்டினேன். அதற்கு வங்கி ஆப்பில் போய் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் போகாது. கட்டி முடித்ததும் திரும்ப ஆஃப் செய்துவிடுங்கள். டாலரை ரூபாயாக மாற்றுவதில் வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நேரம், இடம்

இங்கிலாந்து ஆசிரியரோடு ஞாயிறு இரவு எட்டரைக்கு வகுப்பு. அங்கே மாலை நான்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு எட்டரைக்குத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆள் இல்லை. கோபத்தில் இரண்டு மெசேஜ் வேறு போட்டுவிட்டேன். ஒன்பதரைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி மாற்றுகிறார்கள். அமெரிக்காவிலும் இந்த வேலை உண்டு, தேதிகள் வேறு. நம் ஊரிலும் பிலிப்பைன்ஸிலும் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். எனக்குக் காலை ஆறு, டீச்சருக்கு எட்டரை. வருடம் முழுக்க மாறாது.

காலை ஆறு மணி என்பது எனக்குப் பெரிய வரம். பாப்பா எழுந்திருக்க மாட்டாள், குக்கர் விசில் அடிக்காது, கம்பெனி ஃபோன் வராது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில்கூட அந்த நேரத்தில் கரண்ட் இருக்கும். ராத்திரி வகுப்பு வைத்தால் ஷிப்மென்ட் நாட்களில் பாதி ரத்தாகிவிடும், அது என் அனுபவம்.

சாதனங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைக் உள்ள ஒயர் இயர்ஃபோன் போதும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வெட்டிவிடும். இரண்டு பேர் மட்டும் பேசுவதற்கு கூகுள் மீட்டில் அந்தத் தொல்லை இல்லை. பதிவுக்கு நான் ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு லேப்டாப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

வகுப்புக்குள்

நான் இதில் கற்றதில் பெரியது இதுதான்: பாடத்தை நீங்கள் கொண்டுபோக வேண்டும். துணி நாம் கொடுத்தால்தான் ஜாப் வொர்க் யூனிட் தைக்கும். நான் ஒவ்வொரு வகுப்புக்கும் அந்த வாரம் நடந்த ஒரு விஷயத்தைக் கொண்டுபோனேன். பையர் கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி, லேப் டிப் (சாய மாதிரி) ரிஜெக்ட் ஆன கதை, டையிங்கில் ஷேடு மாறியது. டீச்சர் பையராக நடிப்பார், நான் நானாகவே இருப்பேன். முதல் தடவை சொதப்புவேன். திருத்துவார். அதே உரையாடலை மறுபடி நடத்துவோம். மூன்றாவது முறை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிவிடுவேன். ஒரே காட்சியை மூன்று முறை நடத்துவது போரடிக்கும் என்று நினைப்பீர்கள். நிஜக் காலில் அதே கேள்வி வரும்போது தெரியும் அதன் அருமை.

ஜாக்கிரதை, கம்பெனி மெயிலை அப்படியே காட்டக் கூடாது. பையர் பெயர், விலை, ஸ்டைல் நம்பர் எல்லாவற்றையும் மாற்றி, தனியே டைப் செய்துதான் கொண்டுபோவேன். ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது இன்பாக்ஸ் திறந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

திருத்தம் பற்றி முதல் நாளே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். பேசும்போது இடைமறிக்கக் கூடாது, எண் தப்பினால் மட்டும் நிறுத்தலாம். மற்றதையெல்லாம் இருவரும் திறந்து வைத்திருக்கும் ஒரே கூகுள் டாக்கில் அவர் டைப் செய்துகொண்டே போவார். கடைசிப் பத்து நிமிடம் அந்தப் பட்டியலைப் பார்ப்போம்.

அந்தப் பட்டியலில் இருந்தவை என் தப்புகள் மட்டுமல்ல, நம் எல்லோருடையதும்தான். 'டுடே ஒன்லி வி டிஸ்பாட்ச்ட்' என்பேன். 'இன்றைக்குத்தான் அனுப்பினோம்' என்பதில் உள்ள 'தான்' ஆங்கிலத்துக்குள் குதித்துவிடுகிறது. 'ஐ ஹாவ் சென்ட் யெஸ்டர்டே' என்பேன். 'நேற்று' என்று சொல்லிவிட்டால் 'ஹாவ்' வரக் கூடாது, 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' போதும். 'ஐ ஹாவ் எ டவுட்' என்று ஆரம்பித்தால் பையர் முகம் மாறும். நமக்கு அது ஒரு கேள்வி. அவருக்கோ நாம் அவரை நம்பவில்லை என்பது போலக் கேட்கிறது. 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்று மாற்றியதும் அந்தச் சங்கடம் போனது.

'ரிவர்ட்' இருக்கிறதே, அதுதான் உச்சம். நாம் எல்லா மெயிலிலும் 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று எழுதுகிறோம், 'பதில் போடுங்கள்' என்ற அர்த்தத்தில். அங்கே அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பொருள். புது நெக் டிசைனைப் பற்றி 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி நெக் டிசைன்' என்று நான் எழுதியதற்கு, 'ஏன், பழைய கழுத்துக்கே போய்விடலாம் என்கிறீர்களா?' என்று மான்செஸ்டரிலிருந்து பதில் வந்தது. இதை டீச்சரிடம் சொன்னபோது நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. 'ஹேவன்ட் யூ ஷிப்ட் இட் யெட்?' என்று கேட்பார்கள். 'இன்னும் அனுப்பவில்லையா?' நாம் 'ஆமாம், அனுப்பவில்லை' என்று நினைத்துக்கொண்டு 'யெஸ்' என்கிறோம். அவர் காதில் அது 'அனுப்பியாகிவிட்டது'. நடந்தது எதுவோ அதற்கேற்பத்தான் ஆங்கிலத்தில் பதில் வரும், கேள்வி எப்படி இருந்தாலும். அனுப்பவில்லையா, 'நோ'தான். டீச்சர் ஒரு மாதம் முழுக்க, வகுப்பு ஆரம்பித்ததும் இப்படிப்பட்ட பத்துக் கேள்விகளை எறிவார். 'ஹேவன்ட் யூ ஈட்டன்?' 'நோ, ஐ ஹேவன்ட்.' யெஸ், நோ என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தக் கூடாது, வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்பது அவர் விதி. தப்பாக 'யெஸ்' சொன்னால்கூட வால் காப்பாற்றும்.

தமிழ் தெரியாத ஆசிரியர் என்பதால் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. தப்பு எங்கிருந்து முளைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 'தான்' விஷயத்தை நான்தான் கண்டுபிடித்து அவருக்கு விளக்கினேன். அடிப்படையே ஆட்டமாக இருப்பவர்கள் முதல் ஆறு மாதம் தமிழ் தெரிந்த ஆசிரியரிடம் படிப்பதே மேல் என்பேன். ஆனால் ஒரு ஆபத்து: திணறினால் தமிழுக்குத் தாவிவிடலாம் என்று மனது சொல்லும். செபுவில் தாவ இடமில்லை.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன எண். 'தர்ட்டீன்' என்பதில் அழுத்தம் பின்பாதியில், 'டீன்' நீளும். 'தர்ட்டி'யில் அழுத்தம் முன்பாதியில், பின்பாதி சுருங்கும். நம் பேச்சில் எல்லா அசைக்கும் ஒரே எடை, அதனால் நாம் சொல்வதும் அவர்களுக்குக் குழம்பும், அவர்கள் சொல்வதும் நமக்குக் குழம்பும். வேகமாகப் பேசும்போது அவர்களே அழுத்தத்தை மாற்றிவிடுவதும் உண்டு. அதனால் டீச்சர் சொன்ன தீர்வு உச்சரிப்பே இல்லை. எண்ணைச் சொன்னதும் இலக்கங்களையும் சொல்: 'தர்ட்டீன் தவுசண்ட், ஒன் த்ரீ.' அவர் சொன்னாலும் உடனே 'ஒன் த்ரீ, கரெக்ட்?' என்று கேள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், விமானிகள்கூட எண்ணை இலக்கம் இலக்கமாகத்தான் சொல்கிறார்கள் என்றார். தேதிக்கும் அப்படித்தான். 05/06 என்று எழுதினால் ஐரோப்பாவில் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. மாதத்தை வார்த்தையில் சொல்லிவிட்டால் வம்பில்லை. லட்சமும் வேண்டாம், 'ஹண்ட்ரட் தவுசண்ட்' என்று சொல்லப் பழகுங்கள்.

உச்சரிப்பில் வேறு எதற்கும் நான் அதிகம் மெனக்கெடவில்லை. ஷர்ட்டை 'ஷர்ட்டு' என்று இழுப்பதைக் குறைத்தேன். 'பிரைஸ்' என்று விலையைச் சொல்வதற்கும் பரிசைச் சொல்வதற்கும் கடைசி ஒலி வேறு, பரிசில் தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். வெள்ளைக்காரர் மாதிரி பேசப் பயிற்சி எடுக்க வேண்டாம். புரிந்தால் போதும்.

வகுப்பு இல்லாத ஐந்து நாள்

வாரம் இரண்டு வகுப்பு மட்டும் வைத்துக்கொண்டு வேறெதுவும் செய்யாவிட்டால் பணம்தான் கரையும். நான் செய்தது இரண்டே விஷயம். தினமும் ஸ்கூட்டி நிறுத்திய இடத்தில், கம்பெனிக்குள் நுழைவதற்கு முன் ஒரு நிமிடம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் டீச்சருக்கு. நேற்று என்ன நடந்தது, இன்றைக்கு என்ன வேலை. அவர் எல்லாவற்றையும் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், வாரம் இரண்டு கேட்பதாகப் பேச்சு, மீதி எனக்காக. இரண்டாவது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை வைத்து எண் டிக்டேஷன். 14, 40, 50, 15 என்று கலந்து கலந்து வாசிப்பாள், நான் எழுதுவேன். தப்புக்கு ஒரு ரூபாய். முதல் வாரம் 46 ரூபாய் சம்பாதித்தாள்.

மார்கழியில் ஒருநாள் காலை வகுப்பு நடக்கும்போது கோவில் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். டீச்சர், 'சாத்தாதே, என்ன பாட்டு அது?' என்றார். சொல்ல ஆரம்பித்தேன். விடியலுக்கு முன் எழுவது, வாசலில் கோலம், பூசணிப்பூ, நாளுக்கு ஒரு பாசுரம், மாதம் முழுக்க முப்பது. 'தர்ட்டி,' என்றேன், 'த்ரீ ஜீரோ.' அவர் சிரித்தபோதுதான் கவனித்தேன், ஆறு நிமிடம் நிற்காமல் பேசியிருக்கிறேன், அதுவும் பனியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். என் தாளில் கவிதை வேண்டாம் என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. சரி, டெக் பேக்கையும் சில சமயம் திருத்துவோம்.

எப்போது நிறுத்துவது

பனியனின் தரம் பார்க்க வருபவர்கள் 5,000 பீஸ் லாட்டில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். 200 பீஸ் எடுத்துப் பார்த்து, அதில் எத்தனை பழுது என்று எண்ணித்தான் பாஸ் பண்ணுவார்கள். நானும் மாதக் கடைசியில் பதிவிலிருந்து ஏதாவது ஐந்து நிமிடத்தை எடுத்து, மூன்றை மட்டும் எண்ணினேன்: நான் பேசிய நேரம், பழைய பட்டியலில் இருந்த தப்பு எத்தனை முறை திரும்ப வந்தது, எத்தனை முறை திக்கி நின்றேன். மூன்று மாதம் தொடர்ந்து தப்பும் திக்கலும் குறையவில்லை என்றால் ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். பேசியும் பாடமுறை மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். எனக்கு நான்காவது மாதம் அப்படி ஒரு தேக்கம் வந்தது. டீச்சர் வேகத்தைக் கூட்டினார், வேண்டுமென்றே இரைச்சலான காஃபிக் கடையில் உட்கார்ந்து பேசினார், பாதி வாக்கியத்தில் பேச்சை மாற்றினார். அந்த மாதம் அழுகை வந்தது. அடுத்த மாதம் தப்பும் திக்கலும் குறைந்தன.

14 மாதம் கழித்து வாரம் இரண்டு என்பதை மாதம் இரண்டாகக் குறைத்தேன். நிறுத்துவதோ குறைப்பதோ எதுவானாலும் இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். தனியாக நடத்துபவருக்கு ஒரு மாணவர் திடீரென்று காணாமல் போனால் அந்த மாதக் கணக்கே இடிக்கும். காணாமல் போன ஆசிரியரை நான் எப்படித் திட்டினேனோ அப்படி நம்மை ஒருவர் திட்ட வேண்டாமே.

செவ்வாய்க்கிழமை கால் இப்போது நான் மட்டும்தான் எடுக்கிறேன். அந்தப் பையன் வேறு பையருக்கு மாறிவிட்டான். போன மாதம் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, 'ஷிப்மென்ட் லேட் ஆகும்'னு எப்படிங்க்கா சொல்றது, கோபப்படாத மாதிரி?" என்றான். உட்காரச் சொல்லி, நான் பையராக நடித்தேன். மூன்று முறை.